ஆயா கரும்பொருள் அல்ல

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது கோட்டைக்குப்பத்து எங்கள் வீட்டுக்குக் குடும்ப விவரம் எழுத ஒருவர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, தாத்தாவின் பெயருக்கு எதிரே 'மீன்பிடி' என்று எழுதினார். ஆயாவின் பெயருக்கு எதிரே, யாரையும் கேட்காமலே, 'வீட்டு வேலை' என்று எழுதினார். அந்த நேரத்தில் தாத்தா வீட்டில்தான் இருந்தார், வலையின் கிழிசலைக் கோத்துக்கொண்டு. ஆயா வீட்டில் இல்லை. விடியற்காலை ஏலத்தில் கடனுக்கு எடுத்த இறாலையும் மடவையையும் கூடையில் ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குப் போயிருந்தாள். விற்று, கடனை அடைத்து, மிச்சத்தில் அரிசி வாங்கிக்கொண்டு இருட்டும்போதுதான் திரும்புவாள். இராத்திரி நான் இதைச் சொன்னபோது சிரித்தாள். "எழுதிக்கினு போவட்டும். எழுதினா இன்னா, கூடை வெயிட்டு கொறையுமா?"

பல வருடங்கள் கழித்து, நான் இயற்பியல் படித்து முடித்து ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு கருத்தரங்கில் ஒரு தோழி பேசினார்: பெண்களின் உழைப்பு சமூகத்தின் கரும்பொருள், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எல்லாவற்றையும் அதுதான் பிடித்து நிறுத்துகிறது. அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் அந்த வாக்கியம் உறுத்தத் தொடங்கியது. ஆயா கண்ணுக்குத் தெரியாதவளா? பழவேற்காட்டுச் சாலையில் முப்பது வருடம் தலையில் கூடையோடு நடந்தவள். அவளைப் பார்க்காத கடைக்காரரோ நடத்துநரோ அந்த வழியில் இருந்திருக்க முடியாது. அவள் இல்லாதது கண்ணில் அல்ல, காகிதத்தில்.

உவமையைச் சரிபார்க்கலாம் என்று கரும்பொருளின் வரலாற்றை மறுபடி எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்தத் தோழி சொன்னது தவறு என்பது மட்டுமல்ல, சரியான உவமை அதே வரலாற்றுக்குள் பக்கத்திலேயே கிடக்கிறது என்றும் தெரிந்தது.

கதை 1933இல் தொடங்குகிறது. ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற சுவிட்சர்லாந்துக்காரர், கலிஃபோர்னியாவில் வேலை பார்த்தவர், கோமா என்ற கொத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். விண்மீன்கள் கோடிக்கணக்கில் சேர்ந்தது ஒரு விண்மீன் மண்டலம். அப்படிப்பட்ட மண்டலங்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஒரே கூட்டமாகச் சுழல்வதுதான் கொத்து. கோமாவில் ஆயிரத்துக்கும் மேல் மண்டலங்கள் இருக்கின்றன. அங்கிருந்து ஒளி நமக்கு வந்து சேர முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஸ்விக்கியிடம் அதில் எட்டு மண்டலங்களின் வேகம்தான் கையில் இருந்தது. அந்த எட்டும் ஒன்றுக்கொன்று நொடிக்குச் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் வேறுபட்டு ஓடின. இவ்வளவு வேகமாக ஓடுபவை எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். சிதறவில்லை என்றால், அவற்றைப் பிடித்திழுக்க அங்கே போதுமான எடை இருக்க வேண்டும். ஒளியை வைத்துக் கணக்கிட்ட எடையையும் ஓட்டத்தை வைத்துக் கணக்கிட்ட எடையையும் அவர் ஒப்பிட்டார். இரண்டாவது, முதலாவதைப் போல 400 மடங்கு வந்தது. குறைகிற எடைக்கு அவர் சொன்ன பெயர்தான் கரும்பொருள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த முறை புதிதல்ல. பழவேற்காட்டு ஏரியின் தண்ணீர் கலங்கல். இறால் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்த்து வலை கட்டுவதில்லை. முகத்துவாரம் திறந்திருக்கிறதா, ஏற்றமா வற்றமா, ஓட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்கிறார்கள். தெரியாததைத் தெரிகிறதன் அசைவில் படிப்பது தொழிலின் அரிச்சுவடி. ஸ்விக்கி செய்ததும் அதுதான். ஆனால் அவர் பேச்சை முப்பது நாற்பது வருடம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனிதர் சண்டைக்காரர் என்பதைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. எட்டு மண்டலங்களை வைத்து இவ்வளவு பெரிய முடிவா என்ற சந்தேகமும் நியாயமானதே. அவர் பயன்படுத்திய தூரக் கணக்கும் அன்றைய தவறான கணக்கு. அதைத் திருத்தியதும் 400 நன்றாகக் குறைந்தது. ஆனாலும் குறை தீரவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்விக்கியின் 'குறைகிற எடை' என்ற ஒரே மூட்டைக்குள் இரண்டு வேறு சரக்குகள் கலந்து கிடந்தன. ஒன்று, இயல்பிலேயே ஒளியோடு எந்த உறவும் இல்லாத ஏதோ ஒன்று. இன்னொன்று முழுக்க முழுக்கச் சாதாரணப் பொருள். நம் உடம்பும் உப்பும் ஏரித் தண்ணீரும் எதனால் ஆனதோ அதே பொருள். அன்றைய கண்ணாடிகளுக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டையும் பிரித்தெடுக்க எழுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

பெண்ணிய எழுத்துகளில் இந்த இடத்தில் வழக்கமாக வேரா ரூபின் வருவார். பலோமர் தொலைநோக்கியில் அதிகாரபூர்வமாக அனுமதி பெற்று வேலை செய்த முதல் பெண், 1965இல். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் கதவிலிருந்த ஆண் படத்துக்குக் காகிதத்தில் பாவாடை வெட்டி ஒட்டினார் என்ற கதை பலருக்கும் தெரியும். கரும்பொருளைக் கண்டுபிடித்தவர் என்றே நாம் அவரை எழுதிவிடுகிறோம். அது சரியல்ல, அவருக்கு அது தேவையும் இல்லை. அவரும் கென்ட் ஃபோர்டும் 1970களில் செய்தது தனித்தனி விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை அளந்தது. விளிம்பிலுள்ள விண்மீன்களும் உள்ளே இருப்பவற்றுக்குச் சமமான வேகத்தில் ஓடுகின்றன என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் காட்டியது. அதற்குப் பிறகுதான் ஸ்விக்கியின் பழைய கட்டுரையை மற்றவர்கள் தூசு தட்டினார்கள். கொத்துகளின் கதையில் ரூபினின் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. 1954இல் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வில், விண்மீன் மண்டலங்கள் வானத்தில் தாறுமாறாகச் சிதறவில்லை, கூட்டம் கூட்டமாக இருக்கின்றன என்று அவர் எழுதினார். அப்போது கைக்குழந்தைக்காரி. அந்த ஆய்வு பல வருடம் கேட்பாரற்றுக் கிடந்தது. கழிப்பறைக் கதையைவிட எனக்கு இது பெரிய கதையாகப் படுகிறது. கதவு திறந்த பிறகும் சொன்னது காதில் ஏறவில்லை என்பதற்கு ஒட்டுவதற்கு எந்தப் படமும் கிடையாது.

சாதாரணப் பொருளின் பக்கம் வருவோம். 1970 டிசம்பர் 12 அன்று கென்யாவின் மாலிந்தி கடற்கரைக்கு அப்பால், கடலில் நிறுத்தியிருந்த சான் மார்க்கோ என்ற இத்தாலிய மேடையிலிருந்து ஒரு சிறிய செயற்கைக்கோள் ஏவப்பட்டது. எக்ஸ் கதிர்களில் வானத்தைப் பார்ப்பதற்கென்றே செய்த முதல் செயற்கைக்கோள். நாசாவில் அதன் திட்ட மேலாளர் மார்ஜரி டவுன்செண்ட் என்ற பெண் பொறியாளர். அன்று கென்யாவின் விடுதலை நாள் என்பதால் 'உஹுரு' என்று பெயர் வைத்தவர் அவர்தான். ஸ்வாஹிலியில் அதற்கு விடுதலை என்று பொருள். அறிவியல் குழுவுக்குத் தலைமை வகித்த ரிக்கார்டோ ஜியக்கோனிக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவின் மீனவக் கடற்கரை ஒன்றிலிருந்து விடுதலை என்ற பெயரோடு எழும்பிய அந்தக் கருவியை எங்கள் ஊரிலிருந்து படிக்கும்போது நெஞ்சு ஏனோ கொஞ்சம் விம்முகிறது. எங்களுக்கும் ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது.

உஹுரு கண்டது இதுதான்: கோமா போன்ற கொத்துகளில் எக்ஸ் கதிர்கள் மண்டலங்களிலிருந்து மட்டும் வரவில்லை. மண்டலங்களுக்கு இடையே வெற்று என்று நினைத்த பரப்பு முழுவதிலிருந்தும் வந்தன. அங்கே வாயு இருந்தது. கோடிக்கணக்கான டிகிரி சூட்டில், மிக மெல்லியதாக, கொத்து முழுக்கப் பரவிய வாயு. அவ்வளவு சூட்டில் அது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மின்னாது. எக்ஸ் கதிர்களில்தான் மின்னும். எக்ஸ் கதிர்களைப் பூமியின் காற்று விழுங்கிவிடும். அதனால் தரையில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி கட்டினாலும் பயனில்லை, காற்றுக்கு மேலே போனால்தான் தெரியும். 1976இல் பிரிட்டனின் ஏரியல்-5 செயற்கைக்கோள் பெர்சியஸ் கொத்தின் வாயுவில் இரும்பின் தடயத்தைக் கண்டது. இரும்பு விண்மீன்களின் வயிற்றில் சமைவது. ஆக அந்த வாயுவில் ஒரு பங்கு விண்மீன்களுக்குள் போய் வந்த சரக்கு. ஆயாவின் அரிவாள்மனையில் இருந்த அதே இரும்பு.

எடை போட்டுப் பார்த்தபோது கணக்கு தலைகீழானது. ஒரு பெரிய கொத்தின் எடையை நூறு பங்காக வைத்தால், ஏறத்தாழ 85 பங்கு கரும்பொருள். மிச்சமுள்ள சாதாரணப் பொருளில் பெரும்பகுதி, பத்துப் பங்குக்கு மேல், இந்த வாயுதான். நாம் படங்களில் பார்த்து வியக்கிற அத்தனை மண்டலங்களும், அத்தனை விண்மீன்களும் சேர்ந்து சில பங்குதான். நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்கள் எதை 'வானம்' என்று எண்ணி எழுதி வைத்தார்களோ அது சாதாரணப் பொருளிலேயே சிறுபான்மை.

இந்த இடத்தில்தான் என் தோழியோடு மானசீகமாகச் சண்டை போட்டேன். ஆயா கரும்பொருள் அல்ல. கரும்பொருள் ஒளியைத் தொடாது; அதன் இயல்பு அது; யாருடைய குற்றமும் இல்லை. சொல்லப்போனால் 'கரும்' என்ற பெயரே பொருந்தாது. கறுப்பு என்றால் ஒளியை மறைக்க வேண்டும், இது கண்ணாடியைப் போல ஒளியை உள்ளே விட்டுவிடுகிறது. பெண்களின் உழைப்பை அதனோடு ஒப்பிட்டால், தெரியாமல் இருப்பது எங்கள் இயல்பு என்று ஆகிவிடும். ஆயா வாயு. மின்னும் புள்ளிகளுக்கு இடையே எல்லாம் பரவி, அவற்றைவிட அதிக எடையோடு, கொதித்துக்கொண்டிருக்கும் சாதாரணப் பொருள். அதைப் பார்க்கும் கருவியை யாரும் கட்டவில்லை என்பதுதான் விஷயம்.

ஏரியில் அந்தக் கணக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். கோட்டைக்குப்பத்திலும் பக்கத்துக் குப்பங்கள் சிலவற்றிலும் 'பாடு' என்ற ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஏரியின் நல்ல ஓட்டமுள்ள இடங்களில் கழி ஊன்றி வலை கட்ட யாருக்கு என்றைக்கு முறை என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வது. ஆய்வாளர்கள் இதை வளத்தைப் பாதுகாக்கும் சமூக நெறி என்று புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள், பெருமளவு உண்மைதான். சீட்டில் இருக்கும் பெயர்கள் தலைக்கட்டுகளின் பெயர்கள், அதாவது எங்கள் சாதியின் மணமான ஆண்கள். தமிழில் பாடு என்றால் முறை மட்டுமல்ல, படுவதும்தான். பாடு ஆணுக்கு வந்தது. படுவது வீடு முழுக்க வந்தது. பிடித்ததைப் பணமாக்குவது, பணமில்லாத மழை நாட்களுக்குக் கடன் புரட்டுவது, வலைக்கு வட்டி கட்டுவது என்று ஓட்டமெல்லாம் ஆயாக்களின் கையில் இருந்தது. புள்ளிவிவரத்தில் மீன்பிடித் தொழில் என்றால் படகில் ஏறியவர்கள்.

எங்களைவிடவும் வெளியே இருந்தவர்கள் உண்டு, அதைச் சொல்லாமல் நகர்வது நேர்மையாகாது. ஆழமில்லாத இடங்களில், வலையே இல்லாமல், குனிந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு மணிக்கணக்காகத் தண்ணீரில் நகர்வார்கள். பாட்டுச் சீட்டில் அவர்கள் வீட்டு ஆண்களுக்கும் பெயர் கிடையாது. சிறுவயதில் கரையில் நின்று அவர்களை நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். 'நம்ம தொழில்' என்று எங்கள் வீட்டில் சொன்ன வார்த்தைக்குள் அவர்கள் வரவில்லை. கருவி இல்லாதவர்கள் மேலே உட்கார்ந்து எழுதுபவர்கள் மட்டும் அல்ல.

காகிதத்தில் பெயர் விடுபடும் கதைக்கு வானியலிலேயே நம் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து தெற்கே ஐம்பது அறுபது கிலோமீட்டரில், சென்னை நுங்கம்பாக்கத்தில், இன்று வானிலை மையம் இருக்கும் இடத்தில் முன்பு மதராஸ் வானாய்வகம் இருந்தது. அதன் தலைவர் நார்மன் போக்சன். அவர் மகள் ஐசிஸ் போக்சன் சிறுமியாகச் சென்னைக்கு வந்தவர். 1873இல் அங்கே கணக்கிடுநர் வேலையில் சேர்ந்தார். மாதம் 150 ரூபாய்; அன்று ஒரு சமையல்காரரோ வண்டியோட்டியோ வாங்கும் அளவு என்று குறிப்பிடுவார்கள். இரவில் தொலைநோக்கியில் எடுத்த அளவுகளை விண்மீன்களின் இடமாக மாற்றுவது இந்தக் கணக்கிடுநர்களின் கைவேலை. அது இல்லாமல் அட்டவணை இல்லை. 1886இல் அவரை லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினராக்க அப்பா முன்மொழிந்தார். சங்கத்தின் சாசனத்தில் உறுப்பினரைக் குறிக்கும் சொல் 'அவன்' என்று இருப்பதால் பெண்ணைச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று வழக்கறிஞர்கள் சொன்னார்கள். ஒரு பிரதிப்பெயர். 1898இல் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை, கால் நூற்றாண்டு, அவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். சங்கம் அவரை 1920இல் சேர்த்துக்கொண்டது.

அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரியின் மகள். எங்கள் ஆயாவோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். இருவருக்கும் பொதுவாக இருப்பது ஒரு கட்டம் போட்ட தாளும் அதில் ஒரு காலி இடமும்தான்.

ஸ்விக்கியின் மூட்டையில் வாயுவைப் பிரித்தெடுத்த பிறகும் நூற்றில் 85 பங்கு மிச்சம் இருந்தது. அதைத் தேட வேறு வழி வேண்டியிருந்தது. அந்த வழியையும் ஸ்விக்கியே 1937இல் சொல்லி வைத்திருந்தார்: எடை ஒளியின் பாதையை வளைக்கும், ஆகவே ஒரு பெரிய எடை தன் பின்னால் இருப்பதன் உருவத்தை வில்லையைப் போல வளைத்துக் காட்டும். ஐம்பது வருடம் கழித்து அது கண்ணில் பட்டது. பிரான்சின் துலூஸ் நகரத்து வானியலாளர் ஜெனவியேவ் சூக்காய் தன் குழுவோடு 1987இல் ஏபெல் 370 என்ற கொத்தின் நடுவே நீல நிறத்தில் ஒரு பெரிய வில்லைக் காட்டினார். அது என்ன என்று சச்சரவு நடந்தது. கொத்துக்குள்ளேயே இருக்கும் பொருள் என்று நினைத்தவர்களும் உண்டு. 1988இல் அவர் குழு அந்த வில்லின் ஒளியைப் பிரித்துத் தூரத்தை அளந்தது. அது கொத்துக்கு மிகவும் பின்னால் இருந்தது. எங்கோ தொலைவில் இருந்த ஒரு மண்டலத்தின் முகத்தைக் கொத்தின் எடை இழுத்து நீட்டியிருந்தது. வில்லின் நீளத்திலிருந்தும் வளைவிலிருந்தும் எடை எங்கே எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். ஒளியை விடாத எடையும் அதில் அகப்படும், வாயுவும் அகப்படும், விண்மீனும் அகப்படும். எதையும் விட்டுவிடாத தராசு.

இந்தத் தராசைக் கொண்டு கொத்துகளுக்குள் நுணுக்கமாக எடை போட்டவர்களில் முக்கியமானவர் கோயம்புத்தூரில் பிறந்து டெல்லியில் வளர்ந்த பிரியம்வதா நடராஜன். பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தபோது, டெல்லி நேரு கோளரங்கத்தின் இயக்குநராக இருந்த நிருபமா ராகவனிடம் போய் ஏதாவது ஆராய்ச்சி வேலை கொடுங்கள் என்று கேட்டார். டெல்லி வானத்தின் வரைபடத்தைக் கணினியில் போட்டுக்காட்டு என்று அவர் கொடுத்தார். வீட்டில் இருந்த கொமடோர் கணினியில் நிரல் எழுதிக்கொண்டு திரும்பி வந்தாராம். ஒரு பெண் கேட்டதும் இன்னொரு பெண் கொடுத்தாள் என்பதை நான் இரண்டு முறை படித்தேன். எம்.ஐ.டி.யில் இயற்பியலும் கணிதமும் படித்து, அங்கேயே அறிவியல் வரலாற்றிலும் தத்துவத்திலும் இறங்கி, கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரீஸிடம் ஆய்வு செய்து, இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்.

அவர் கேட்ட கேள்வி இப்படி: கொத்தில் கரும்பொருள் ஒரே பெரிய மேகமாகப் பரவி இருக்கிறதா, அல்லது ஒவ்வொரு மண்டலத்தைச் சுற்றியும் தனிக் கட்டிகளாகவும் இருக்கிறதா? இரண்டும். பெரிய மேகத்துக்குள் சிறு கட்டிகள். தனியாக இருக்கும் ஒரு மண்டலம் தன்னைச் சுற்றி அகலமான கரும்பொருள் உறை ஒன்றை வைத்திருக்கும். அது கொத்துக்குள் விழும்போது கொத்தின் இழுவை அந்த உறையை வெளிப்புறத்திலிருந்து உரித்துப் பொது மேகத்தோடு சேர்த்துவிடும். அவரும் கூட்டாளிகளும் 2009இல் ஒரு கொத்தை மையத்திலிருந்து விளிம்பு வரை அளந்து, மையத்துக்கு அருகே உள்ள மண்டலங்களின் உறைகள் சிறுத்தும் விளிம்பில் உள்ளவை பெருத்தும் இருப்பதைக் காட்டினார்கள். புகுந்த வீட்டின் நடுக்கூடத்துக்கு வர வர, கொண்டுவந்தது உரிந்து போகிறது என்று எழுதக் கை துடிக்கிறது. எழுதிவிட்டேன், ஆனால் உவமைகளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கட்டுரையில் இதை நீங்கள் நம்ப வேண்டாம்.

2020 செப்டம்பரில் மாசிமோ மெனகெட்டியும் பிரியம்வதா நடராஜனும் மற்றவர்களும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 11 கொத்துகளில் அந்தச் சிறு கட்டிகள் வில்லையாக வேலை செய்யும் வலுவை அளந்திருந்தார்கள். கணினியில் உருவாக்கிய கொத்துகள் எதிர்பார்க்கச் சொன்னதைவிட நிஜக் கொத்துகளில் அந்த வலு பத்து மடங்கு இருந்தது. கரும்பொருளைப் பற்றிய கருத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கலாம், அல்லது கணினியில் கொத்தை உருவாக்கும் முறையில் குறை இருக்கலாம். இன்னும் வாதம் ஓயவில்லை. கணக்கு இடிக்கிறது என்று துணிந்து எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்விக்கி 1933இல் செய்ததும் அதுவே.

மூட்டையிலிருந்த இரண்டு சரக்குகளும் கண்முன்னே பிரிந்து நின்ற ஒரு காட்சியை இனிச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்த கருவிகளில் ஒன்று சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் வைத்தது என்று நம் பாடப்புத்தகங்கள் பெருமையாகச் சொல்லும். 1999 ஜூலை 23 அன்று அதைக் கொண்டுபோன கொலம்பியா விண்கலத்தின் தளபதி ஐலீன் காலின்ஸ், விண்வெளி ஓடத்துக்குத் தலைமை வகித்த முதல் பெண். சந்திரசேகரின் மனைவி லலிதா, மாநிலக் கல்லூரியில் அவருக்கு ஒரு வகுப்பு கீழே இயற்பியல் படித்தவர். இந்த இரண்டு வாக்கியங்களும் பாடப்புத்தகத்தில் இருந்தால் கனம் கூடிவிடாது.

சந்திரா பார்த்தது 'தோட்டாக் கொத்து' என்று பேர் பெற்ற இடத்தை. ஏறத்தாழ நானூறு கோடி ஒளியாண்டுத் தொலைவில், இரண்டு கொத்துகள் மோதி ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்து போயிருந்தன. மண்டலங்களுக்கு இடையே தூரம் அதிகம், அதனால் அவை இடித்துக்கொள்ளாமல் கடந்துவிட்டன. வாயு அப்படி அல்ல. ஒன்றின் வாயு மற்றதன் வாயுவில் முட்டி, சூடேறி, வேகம் குறைந்து நடுவிலேயே பின்தங்கியது. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு வாயு என்பதால், கரும்பொருள் என்று ஒன்று இல்லையென்றால், எடை நடுவில் இருக்க வேண்டும். டக்ளஸ் க்ளோவும் மருஷா பிரடாச்சும் கூட்டாளிகளும் 2006இல் வில்லை முறையில் எடையை அளந்து வரைபடம் போட்டார்கள். எடை நடுவில் இல்லை. வாயுவைப் பின்னால் விட்டுவிட்டு, மண்டலங்களோடு இரண்டு பக்கமும் முன்னே போயிருந்தது. எதனோடும் முட்டாத ஒன்றுதான் அப்படிப் போக முடியும். அந்தப் படத்தில் வாயுவுக்கு இளஞ்சிவப்பும், எடைக்கு நீலமும் பூசியிருப்பார்கள்.

2015 செப்டம்பர் 28 காலை பத்து மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் கிளம்பியதை நான் கோட்டைக்குப்பம் கரையில் ஆயாவோடு நின்று பார்த்தேன். இந்தியாவின் முதல் முழு வானியல் செயற்கைக்கோள். அதில் மும்பை டாட்டா நிறுவனத்தில் செய்த எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியும் இருந்தது. ஏவும் நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது என்பதால் படகுகள் கரையில் கிடந்தன. புகை வளைந்து கலையும் வரை பார்த்துவிட்டு ஆயா கேட்டாள்: "மேல போயி இன்னாத்தப் பாக்கும் அது?" கீழே இருந்தால் காற்று மறைக்கும், மேலே போனால்தான் தெரியும், நெருப்பைவிடச் சூடான ஒரு காற்று இருக்கிறது என்றேன். எனக்கே நான் சொன்னது தெளிவாகப் படவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் தோட்டாக் கொத்தின் படத்தை போனில் காட்டினேன். செதில் ஒட்டிய கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். இரண்டு கூட்டம் மோதியது, சிவப்பு முட்டி நின்றுவிட்டது, நீலம் முட்டாமல் போய்க்கொண்டே இருக்கிறது என்று சொன்னேன்.

"ஓட்டத்துல ரெண்டு வலை எதிர எதிர வந்து சிக்கிக்கினா மாதிரி கீது," என்றாள். "மீனு, பாசி, குப்பை எல்லாம் நடுவுல சேந்துக்கும். தண்ணி போயிக்கினே இருக்கும்." சிவப்பின் மேல் விரலை வைத்தாள். "இதுல எத்தினி கிலோ?"

அந்த நூறு பங்குக் கணக்கைச் சொன்னேன். நீலம் 85, சிவப்பு பத்துக்கு மேல், மின்னுவது ரெண்டு மூணு. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் ஏலத்துக்குக் கூடையைக் கழுவ எழுந்து போனாள்.